எத்தனை வருஷமாக் குடிக்கிறே?

(ஓசூர் சிப்காட் பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள் நடத்திய அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். அண்ணல் பிறந்த நாளில் கவிதை வாசிப்பது நல்ல காரியந்தான். ஆனால் இன்றைக்கு நான் ஒரு குவார்ட்டர் பாட்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2021 ஆடியில் என் சித்தப்பா செத்துப்போனார். பதினாறாம் நாள் கருமாதி. அவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்தோம். களி, கருவாட்டுக் குழம்பு, வறுத்த வேர்க்கடலை, ஒரு கட்டு பீடி. கற்பூரம் எடுக்கப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் இலைக்கு நடுவில் ஒரு குவார்ட்டர் பாட்டில் நிற்கிறது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. ஈரல் கெட்டுச் செத்த மனுஷன், கடைசியில் நாலு வருஷம் தொடவிடாமல் பண்ணிட்டாங்க, ஆசை இருந்திருக்கும் என்று யாரோ பாசத்தோடு வைத்தது. சித்தப்பா மகன் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் அடித்து உடைத்தான்.

சித்தப்பா ஆயுசில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவருடைய அப்பா, என் தாத்தா, சாராயத்தில் போனவர். அந்த வெறுப்பில் சித்தப்பா கல்யாண வீட்டில்கூடக் குடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் செத்த பிறகும் குடிகாரன் என்ற பட்டம் போகவில்லை. அந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தது ஊர் இல்லை, ஆஸ்பத்திரி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் டாக்டர் இல்லை. வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். சொல்வதெல்லாம் சித்தப்பாவோடு நாலு வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதும், அதற்கப்புறம் தேடிப் படித்ததும்.

சித்தப்பா சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் தட்டிக் கொடுக்கிற பட்டறை. 1993-ல் ஒரு ராத்திரி ஷிப்டில் வலது கையில் ரெண்டு விரல் போனது. அவருக்கு வயசு 24, எனக்கு அஞ்சு. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ரத்தம் நிறையப் போயிருந்ததால் ரெண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒரு புரோக்கர் கொண்டுவந்த ரத்தம். மேஸ்திரி காசு கொடுத்து வாங்கினார். பட்டறை முதலாளி விரலுக்கு நஷ்டஈடாகக் கொடுத்தது அந்த ரெண்டு பாட்டிலின் விலையைத்தான். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம்.

அந்த ரத்தத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்றார் பிற்பாடு பார்த்த டாக்டர். ஹெபடைடிஸ் சி. ஈரலைத் தாக்குகிற வைரஸ்.

இந்த வைரசுக்கு ஒரு கதை இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்ற மருத்துவர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் ஈரல் அழற்சியைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஏ வைரஸ் இல்லை. பி வைரசும் இல்லை. என்னவென்று தெரியாததால் நோய்க்கே 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்று பேர் வைத்தார்கள். இல்லாததைச் சொல்லிப் பேர் வைக்கிற வழக்கம் நமக்கு ரொம்பப் பழசு. வர்ணம் இல்லாதவன் அவர்ணன், தீண்டத் தகாதவன் தீண்டத்தகாதவன். நமக்கு அந்தப் பேரை மாற்றிக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது! வைரசுக்குச் சீக்கிரம் ஆகிவிட்டது. 1989-ல் மைக்கேல் ஹௌட்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை அடையாளம் கண்டு 'சி' என்று பேர் வைத்தார்கள். 2020-ல் ஆல்ட்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூன்று பேருக்கும் நோபல் பரிசு.

கண்டுபிடித்த மறு வருஷமே, 1990-ல், அமெரிக்க ரத்த வங்கிகள் இதற்குச் சோதனை செய்யத் தொடங்கிவிட்டன. 1993-ல் நம் நாட்டில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ரத்தம் விற்பது ஒரு பிழைப்பாக இருந்த காலம் அது. காமன் காஸ் என்ற அமைப்பு போட்ட வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவதற்குத் தடை வந்தது.

ரத்தத்தை விற்றவன் மீது எனக்குக் கோபம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்த எவனோ ஒரு கூலி. அவனுக்கும் தன் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவனுக்கு ஊசி போட்டவன் கொதிக்க வைக்காத ஊசியில் போட்டிருப்பான். எகிப்து நாட்டில் இப்படித்தான் ஆனது. நத்தை மூலம் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க 1950-களிலிருந்து 80-கள் வரை அரசாங்கமே கிராமம் கிராமமாகப் போய் ஊசி போட்டது. ஒரே கண்ணாடி ஊசி பலருக்கு. புழு நோய் குறைந்தது. உலகத்திலேயே அதிகம் ஹெபடைடிஸ் சி உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. நம்ம ஊர்களிலும் ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நினைக்கிற சனம் நாம். சட்டியில் வெந்நீர் கொதித்த மாதிரிப் பேர் பண்ணி, ஒரே ஊசியில் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்ட கம்பவுண்டர்களை உங்களில் வயசானவர்கள் பார்த்திருப்பீர்கள்.

உள்ளே போன வைரஸ் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. அதுதான் சங்கடம். சிலருக்குத் தானாகவே போய்விடும். நூற்றில் எழுபது பேருக்குப் போகாது, தங்கிவிடும். காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை. மனுஷன் வேலைக்குப் போவான், பிள்ளை பெறுவான், கிடா வெட்டுவான். உள்ளே ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாகும், தழும்பாகும், மறுபடி புண்ணாகும். தங்கிவிட்டவர்களில் நூற்றுக்கு 15-லிருந்து 30 பேருக்கு இருபது வருஷத்துக்குள் ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போகிறது. சிரோசிஸ் என்பது அதுதான். இறுகின ஈரலுக்குள் குடலிலிருந்து வருகிற ரத்தம் நுழைய முடியாமல் பின்வாங்குகிறது. மதகை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைக்கிற மாதிரி. மண்ணீரல் வீங்குகிறது, தட்டணுக்கள் குறைகின்றன, உணவுக்குழாயின் உள்சுவரில் நரம்பு புடைத்து நிற்கிறது, வயிற்றில் நீர் கோர்க்கிறது.

2014-ல் சித்தப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. எந்நேரமும் அசதி. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பேர் வேண்டாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தட்டணு குறைவு, ஈரல் கணக்கு சரியில்லை. டாக்டர் சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்புறம் கேட்டார், "எத்தனை வருஷமாக் குடிக்கிறே?"

கவனியுங்கள். 'குடிப்பியா' என்று கேட்கவில்லை.

"குடிக்கிற பழக்கம் இல்லீங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. குடியை விடு. மாத்திரை எழுதித் தரேன்."

நூறு ரூபாய் சமாச்சாரம் தோழர்களே, ஹெபடைடிஸ் சி-க்கான முதல் சோதனை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அந்தச் சோதனையை எழுதவேண்டிய இடத்தில் அவர் 'ஆல்கஹால்' என்று எழுதினார். அந்தச் சீட்டு அடுத்த டாக்டரிடம் போனது. அவர் சீட்டைப் படித்தார், சித்தப்பாவைப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் அந்த ஒரு வார்த்தை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. சாதிச் சான்றிதழுக்காவது தாசில்தார் ஆபீசுக்கு நடக்கவேண்டும். இந்தச் சான்றிதழ் கேட்காமலே கிடைத்தது.

2017-ல் ஒரு விடியற்காலை சித்தப்பா ரத்தமாக வாந்தி எடுத்தார். வெற்றிலை எச்சில் மாதிரி இல்லை, ஒரு சொம்பு ரத்தம். புடைத்த நரம்பு வெடித்திருக்கிறது. ஓசூரில் முடியாது என்றார்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு. அங்கே ஒரு இளம் டாக்டர் கன்னடத்தில் கேட்டார், "எஷ்டு வர்ஷதிந்த குடீத்தா இதீரா?" மொழி மாறியது, மாநிலம் மாறியது, கேள்வி மாறவில்லை. எங்களிடமிருந்த காப்பீட்டு அட்டை அந்தக் கவுண்டரில் எடுபடவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு நர்ஸ் அம்மா, மலையாளி, சித்தப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்து, "இது எப்போ போச்சு? அப்போ ரத்தம் ஏத்தினாங்களா?" என்று கேட்டார். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் சரியான கேள்வியைக் கேட்டார். சோதனை செய்தார்கள். பாசிட்டிவ்.

நரம்புக்கு எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தோம். வந்த அன்றைக்கு ராத்திரி சித்தி அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள். தொற்று வியாதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் பயந்தது தன் பிள்ளைகளுக்காக. சித்தப்பா அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சின்ன வயசுல டீக்கடையில தனி டம்ளர்ல குடிக்க மாட்டேன்னு சண்டை போட்டுட்டு ஓடி வந்தவன்டா நான். இப்ப அந்த டம்ளரு என் வீட்டுக்கே வந்துருச்சு பாரு."

எனக்கு வாய் அடைத்துப்போனது. மறுநாள் அவர் டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு நான் குடித்துக் காட்டினேன். இதைத் தியாகமாகச் சொல்லவில்லை. அதில் ஒரு ஆபத்தும் கிடையாது. ஹெபடைடிஸ் சி தொட்டால் வராது. ஒரே தட்டில் தின்றால் வராது, ஒரே குவளையில் குடித்தால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, தாய்ப்பாலில் வராது. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் வரும். சவர பிளேடு, பல் தேய்க்கிற பிரஷ், ஊசி, பச்சை குத்துகிற ஊசி, இவற்றைத்தான் பங்கு போடக்கூடாது. 1927-ல் மகாடு குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது குளம் தீட்டாகிவிட்டது என்று சாணியும் மாட்டு மூத்திரமும் ஊற்றிக் கழுவினார்கள். தீண்டினால் ஒட்டும் என்ற அந்தப் பைத்தியம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தால், நோய் என்று கேட்டதும் நம் வீட்டிலேயே நாம் முதலில் டம்ளரைப் பிரிக்கிறோம்!

மருந்துக்கு வருகிறேன். கணக்கு என் தொழில், அதனால் கணக்காகச் சொல்கிறேன். சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிலியட் கம்பெனி வைத்த விலை ஒரு மாத்திரை 1000 டாலர். பன்னிரண்டு வாரம், 84 மாத்திரை, 84,000 டாலர். இந்தியாவில் அதன் காப்புரிமையை எதிர்த்து, டெல்லியில் எச்.ஐ.வி.-யோடு வாழ்கிறவர்களின் அமைப்பும் மற்றவர்களும் மனுப் போட்டார்கள். 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு இழுத்து, 2016-ல் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் இந்தியக் கம்பெனிகள் உரிமம் வாங்கித் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன. 2015-ல் ஐதராபாத் நாட்கோ கம்பெனி 28 மாத்திரை கொண்ட ஒரு பாட்டிலை 19,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பிறகு போட்டியில் இன்னும் இறங்கியது. அமெரிக்க விலையைப் பார்த்தால் கொசுறு. சிப்காட் ஒப்பந்தக் கூலியைப் பார்த்தால் மலை.

சித்தியின் தோடு, குண்டு, கழுத்துச் செயின் எல்லாம் என் கவுண்டருக்கே வந்தன. எடை போட்டவர் அப்ரைசர், சீட்டு எழுதியவன் நான். கடனின் நோக்கம் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். வட்டி குறையும். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தப் பொய்யை எழுதினதற்காக நான் வெட்கப்படவில்லை. நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிற எவனைக் கேட்டாலும் சொல்வான், ஊரில் பாதி விவசாயம் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நடக்கிறது.

2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சோதனையும் மாத்திரையும் இலவசம். பஞ்சாப் மாநிலம் அதற்கு முன்பே 2016-ல் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் நகையை வைத்தது திட்டம் வருவதற்குச் சில மாதம் முன்னால். பரவாயில்லை. மாத்திரை வேலை செய்தது. படிப்பை முடித்த பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் வைரஸ் இல்லை. சித்தப்பா அந்தச் சீட்டை சாமி படம் மாதிரி பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டார்.

வைரஸ் போனது. ஈரல் திரும்பி வரவில்லை. இதைத்தான் நீங்கள் மனசில் வாங்கவேண்டும். இந்த மாத்திரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் குணமாக்குகிறது. தழும்பு முற்றுவதற்கு முன் போட்டால் மனுஷன் தப்பித்தான். 2014-ல் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் காலத்தோடு நோய் தெரிந்திருக்கும், ஒரு வருஷத்தில் மாத்திரையும் வந்திருக்கும். 2017-ல் ரொம்பத் தாமதம்.

அடுத்த வருஷங்களில் வயிற்றில் நீர் கோர்த்தது. மாசத்துக்கு ஒருமுறை ஊசி குத்தி இறக்குவார்கள். உப்பு கூடாது. உப்பில்லாத களியைத் தின்று பாருங்கள், தெரியும். ஒருத்தர் வந்து, "மாட்டுக்கறியை விட்டுருப்பா, அதான் ஈரலைத் தின்னுது" என்றார். இதுவும் ஒரு பொய். முன்னாளில் டாக்டர்களே புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சிரோசிஸ் நோயாளிக்குச் சதை கரைகிறது, புரதம் கூடுதலாகவே வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகிற புரதம் அதுதான். உப்புக் கண்டம் கூடாது, கருவாடு கூடாது. உப்புப் போடாமல் வேகவைத்த கறி தின்னலாம். இதை டயட்டீஷியன் அம்மாவிடம் நானே கேட்டு உறுதி செய்தேன். கேட்கிறபோது 'மாட்டுக்கறி' என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தோம். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லியைப் பற்றி லான்செட் இதழில் எழுதியது உண்மை. ஆனால் அது பி வைரசுக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் அதையும் உறுதிப்படுத்தவில்லை. சித்தப்பாவின் நோய் சி. இலை பாவம் என்ன பண்ணும்.

ரொம்பக் கஷ்டம் மூளை குழம்பினதுதான். ஈரல் வடிகட்டவேண்டிய கழிவு மூளைக்குப் போகிறது. பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ரெண்டு கையையும் நீட்டச் சொல்வார் டாக்டர். நீட்டினால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த வலது கை மூன்று விரலோடு அடித்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். ஒரு ராத்திரி மூணு மணிக்குப் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "சங்கு ஊதிருச்சுடா, மேஸ்திரி திட்டுவான்" என்றார். விரல் போன பட்டறை எப்பவோ மூடியாகிவிட்டது. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். குழந்தை மாதிரி வந்தார்.

அதற்கு லாக்டுலோஸ் என்ற இனிப்புச் சிரப் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை வெளியே போகவேண்டும், அப்படிப் போனால்தான் கழிவு இறங்கும். மருந்து எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. கக்கூஸ் இல்லாத காலனி வீட்டில், நடக்க முடியாத ஆள், ராத்திரியில் ஏரிக்கரை. பல நாள் சித்தப்பா சிரப்பைக் குடிக்காமல் ஒளித்து வைத்தார். வெட்கத்தில்.

2020-ல் ஊரடங்கு. மாநில எல்லையில் பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கவேண்டும், புற்று வருகிறதா என்று. வைரஸ் போனபிறகும் பார்க்கவேண்டும். ரெண்டு ஸ்கேன் தவறியது. மூன்றாவதில் கட்டி பெரிதாக இருந்தது. ஈரல் மாற்று ஆபரேஷன் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள் என்று தெரிந்து கேட்டுப் பார்த்தோம். கட்டியின் அளவுக்கு அதுவும் தாண்டிவிட்டது என்றார்கள்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். என் சித்தப்பா குடிக்காதவர் என்று இவ்வளவு நேரம் அழுத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு உறுத்தல். குடித்தவனாக இருந்தால் அவருக்கு அந்தச் சோதனை வேண்டாமா? குடிக்கிறவன் உடம்பிலும் இந்த வைரஸ் இருக்கும், இருந்தால் ஈரல் இன்னும் வேகமாகக் கெடும். அவனுக்குத்தான் முதலில் சோதிக்கவேண்டும். 2003-லிருந்து டாஸ்மாக் கடையில் சரக்கை விற்பது அரசாங்கம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்' என்று என் வங்கியிலேயே மதியச் சாப்பாட்டில் பேசினார்கள். அன்றைக்கு நான் ஒண்ணும் சொல்லாமல் டப்பாவை மூடினேன். இன்றைக்கு இங்கே சொல்கிறேன், குடித்தவன் ஈரலும் ஈரல்தான்.

இந்தியாவில் 55 லட்சம் பேரிடம் இந்த வைரஸ் தங்கியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அறிக்கையில் சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். 1990-களில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், மெஷினில் கை கொடுத்தவர்கள், பிரசவத்தில் ரத்தம் ஏற்றின அம்மாக்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளுகிறபோது ஊசி குத்தின துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிடவேண்டும். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை. முதல் சோதனை பாசிட்டிவ் என்றால் பயப்படாதீர்கள், ரெண்டாவதாக வைரஸ் எண்ணிக்கை பார்த்தால்தான் உறுதி. குணமானபிறகும் முதல் சோதனை பாசிட்டிவ்தான் காட்டும். அதை வைத்து எந்த ஒப்பந்தக்காரனாவது வேலை இல்லை என்றால், ரெண்டாவது சீட்டைக் காட்டிச் சண்டை போடுங்கள், நாங்கள் வருகிறோம். டாக்டரிடம் போனால் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்: "எனக்கு ஹெபடைடிஸ் பி, சி ரெண்டும் பாருங்க."

வருகிற வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் பேசியிருக்கிறோம். சித்தப்பா மகன்தான் ஓட்டுகிறான். ஆதார், ரேஷன் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பதினாலு சீட். பதினோரு பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூணு பேர் சித்தப்பாவோடு அதே பட்டறையில் பிரஸ் ஓட்டியவர்கள். குடிக்கிறவர்களும் வரலாம்.